அல்ஜீரிய நாவலில் மறைந்துள்ள மூலமொழி

அல்ஜீரிய இலக்கியம் எனத் தமிழில் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் ஆல்பெர் காம்யுவிலிருந்தே தொடங்குகின்றனர். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த 'அந்நியன்' 1980இல் வெளிவந்தது முதல் அல்ஜியர்ஸ் நகரின் வெயிலும் கடற்கரையும் தமிழ் வாசகர்க்கு அறிமுகமானவை. ஆயினும் அந்நாவலில் கொல்லப்படும் அரபியனுக்குப் பெயரில்லை. அவன் பேசும் மொழி எது என்பது கதைக்குப் பொருட்டாகவும் இல்லை. காம்யுவின் நாவல் வெளிவந்த 1942ஆம் ஆண்டிற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 2013இல், காமெல் தாவூத் என்னும் அல்ஜீரிய எழுத்தாளர் அவனுக்கு மூஸா எனப் பெயரிட்டு, அவன் தம்பியின் வாய்மொழியாக மறுகதை ஒன்றை எழுதினார். அந்த மறுகதையும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

இச்செய்தியை முரண்பாடு என்று கூறி நகர்ந்துவிடுவது எளிது. ஐரோப்பியத் திறனாய்வாளர் பலர் அவ்வாறே செய்துள்ளனர்: 'ஆதிக்கத்தவரின் மொழியில் அடிமைப்பட்டோரின் குரல்' என்ற வாய்பாடு அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அது போதாது. அச்சில் பிரெஞ்சாகத் தோற்றமளிக்கும் அல்ஜீரிய நாவல்களின் பெரும்பகுதி, ஆசிரியரால் முன்னரே ஒருமுறை மொழிபெயர்க்கப்பட்ட பனுவல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மாந்தர் பேசுவது அரபு அல்லது பெர்பர். தாளில் உள்ளது பிரெஞ்சு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மறைமூலத்தைச் செவிமடுக்காத மொழிபெயர்ப்பாளர் நூலின் ஒரு பாதியை மட்டுமே பெறுமொழிக்குக் கொண்டுவருகிறார். ஆங்கில வழியாக மொழிபெயர்க்கும் நம்மவர்க்கு அப்பாதியும் குறைந்துவிடும் இடருண்டு.

மொழிச்சூழல்

1830இல் பிரான்சு அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. அன்று தொடங்கி 1962இல் விடுதலை பெறும்வரை 132 ஆண்டுகள் ஆட்சிமொழியும் கல்விமொழியும் பிரெஞ்சே. 1938இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று அரபுமொழியை அதன் சொந்த மண்ணிலேயே அயல்மொழியாக நடத்தியது. மக்கள் பேச்சிலோ இரு மொழிகள் வாழ்ந்தன: வட்டாரத்திற்கு வட்டாரம் மாறுபடும் பேச்சரபு ஒன்று, கபீலியா, அவுரெஸ் முதலிய மலைப்பகுதிகளில் வழங்கும் பெர்பர் கிளைமொழிகள் மற்றொன்று. இவற்றுக்கு மேலாகத் திருக்குர்ஆன் வழியாகப் போற்றப்பட்ட செவ்வரபு நின்றது. விடுதலைக்குப் பின் 1963ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரபைத் தேசிய மொழியாகவும் ஆட்சிமொழியாகவும் அறிவித்தது. பெர்பர், அதாவது தமாசிக்த், தேசிய மொழியாக ஏற்கப்பட 2002 வரையும் ஆட்சிமொழியாக ஏற்கப்பட 2016 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

தமிழ் மொழியியலாளர் நன்கறிந்த 'இரட்டை வழக்கு' என்னும் கோட்பாட்டின் வரலாற்றில் அல்ஜீரியாவுக்கு ஓர் இடமுண்டு. 1959இல் சார்லஸ் பெர்குசன் இக்கோட்பாட்டை வகுத்தபோது எடுத்துக்கொண்ட பிரெஞ்சுச் சொல்லை, அரபைக் குறித்து 1930இல் பயன்படுத்தியவர் வில்லியம் மார்சே. அவர் அல்ஜீரியாவின் மேற்கிலுள்ள திலெம்சென் நகரில் பணியாற்றியவர்; அந்நகரின் பேச்சரபை விரிவாக ஆராய்ந்து 1902இல் நூலாக வெளியிட்டவர். அதே திலெம்சென்தான் 1920இல் பிறந்த நாவலாசிரியர் முகம்மது திப்பின் சொந்த ஊர். ஆகவே திப்பின் மாந்தர் பேசியிருக்கக்கூடிய மொழி, அவர் பிறப்பதற்கு முன்னரே இலக்கணம் கண்ட மொழி. அவருடைய நாவலிலோ அம்மொழியின் தொடர்கள் பிரெஞ்சாகவே அச்சேறியுள்ளன.

ஒரு வகுப்பறைக் காட்சி

திப்பின் முந்நாவல் வரிசையில் முதலாவதான 'பெரிய வீடு' 1952இல் வெளிவந்தது. வறுமைப்பட்ட குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் தார் ஸ்பிதார் என்னும் வீட்டில் வளரும் ஓமர் என்ற சிறுவனே மையப் பாத்திரம். அவனுடைய வகுப்பில் ஆசிரியர் ஹசன் 'பத்ரி' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் பொருளைக் கேட்கிறார். மாணவன் ஒருவன், பிரான்சு நம் தாய்நாடு என்று மனப்பாடம் செய்த விடையைச் சொல்கிறான். ஓமருக்கு இது விளங்கவில்லை. தன் தாய் வீட்டில் இருக்கிறாள். அவள் பெயர் ஐனி. தனக்கு இரண்டு தாயர் இல்லை. பிரான்சு கடலுக்கு அப்பால் உள்ளது. ஆகவே இது பொய் என்று முடிவு செய்கிறான். பின்னர் ஆசிரியர் அச்சொல்லைத் தந்தையரின் மண் என விளக்குகிறார். இறுதியில் குரலைத் தாழ்த்தி, பிரான்சு உங்கள் நாடு என்று சொல்லப்படுவது உண்மையன்று என்கிறார். அதை அவர் அரபில் கூறுகிறார். வகுப்பில் அரபு பேசத் தடையுள்ள ஆசிரியர் அரபு பேசியதே மாணவர்க்குப் பெருவியப்பு.

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு எதிலும் இக்காட்சியைப் பாடமாக வைக்கலாம். பிரெஞ்சுச் சொல்லின் அடியில் தந்தை இருக்கிறார். அதற்கு முன் சேர்க்கப்படும் அடைமொழியில் தாய் இருக்கிறாள். சிறுவனின் குழப்பம் தாயைப் பற்றியது. ஆசிரியரின் விளக்கம் தந்தையைப் பற்றியது. இரண்டையும் ஏந்தும் ஒரே சொல் ஆங்கிலத்தில் எளிதில் கிட்டாது. தமிழில் 'தாய்நாடு' என்பது சிறுவனின் ஐயத்தைச் சிறிதும் வலிந்து கொள்ளாமல் இயல்பாகவே எழுப்பிவிடும். ஆசிரியரின் விளக்கத்திற்கோ, பாரதி வழியாக நமக்குப் பழகிய 'தந்தையர் நாடு' துணைநிற்கும். இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழே மூலத்திற்கு நெருங்கி நிற்கிறது. ஆங்கில வழியாக வருவோர், 'சொந்த நாடு', 'தேசம்' போன்ற நிறமற்ற சொல்லொன்றைத் தேர்ந்து இவ்வாய்ப்பை இழந்துவிடுதல் கூடும்.

இதனினும் கடினமானது ஆசிரியரின் அரபுத் தொடர். பிரெஞ்சு மூலத்தில் அதுவும் இலக்கணம் வழுவாத பிரெஞ்சாகவே உள்ளது. அது அரபில் கூறப்பட்டது என்பதைக் கதைகூறுபவர் சொல்லியே நாம் அறிகிறோம். மூலத்தில் இல்லாத வழக்கு வேறுபாட்டைத் தமிழில் புகுத்தலாமா? புகுத்தலாம் என்பதே என் கருத்து. பாடத்தின் பிரெஞ்சை எழுத்துத் தமிழிலும் ஆசிரியரின் தாழ்ந்த குரலைப் பேச்சுத் தமிழிலும் தந்தால், அதுவரை ஒரே மொழியில் நடந்த வகுப்பில் திடீரென வேறொரு மொழி நுழைந்த அதிர்ச்சி வாசகரின் செவியில் விழும். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் குற்றம் இது என்று சிலர் மறுக்கலாம். திப்பின் தாளில் இல்லாதது அவருடைய கதைக்களத்தில் இருந்தது என்பதே அதற்கு விடை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இந்த உத்தியை நாவல் முழுதும் பரப்பினால், தார் ஸ்பிதாரின் பெண்கள் அனைவரும் ஏதோ ஒரு தமிழ் வட்டாரத்தினராக ஒலிக்கத் தொடங்குவர். கொச்சையான வட்டார வடிவங்களை விலக்கிய பொதுப்பேச்சு வழக்கே இங்குப் பொருந்தும்.

பெயர்களும் எழுத்துப்பெயர்ப்பும்

காதெப் யாசினின் 'நெஜ்மா' 1956இல் பாரிஸில் வெளிவந்தது. பதிப்பாளர் அதற்கொரு முன்னறிவிப்பு எழுதி, முன்பின்னாகச் சுழலும் கதையமைப்புக்கு அரபு மனத்தின் காலவுணர்வே காரணம் என்று பிரெஞ்சு வாசகர்க்கு விளக்கினார். வில்லியம் ஃபாக்னரின் நாவல்களுக்கு இத்தகைய இனவியல் விளக்கம் தேவைப்பட்டதில்லை என்பதை நோக்க, அம்முன்னறிவிப்பு நூலைவிட அதன் பதிப்புச் சூழலையே நமக்கு அதிகம் உணர்த்துகிறது. 1945 மே மாதம் செத்தீப் நகரில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது பதினாறு வயது நிறையாத மாணவரான காதெப் சிறைப்பட்டார். அவர் இறந்துவிட்டதாக எண்ணிய தாய் மனநிலை பிறழ்ந்தார். நாவலின் உடைந்த காலத்திற்குக் காரணம் தேடுவோர் அரபு மனத்தை நாடவேண்டியதில்லை.

நெஜ்மா என்றால் அரபில் விண்மீன். பிரெஞ்சு வாசகர்க்கு அது ஓர் அயற்பெயர் மட்டுமே. அரபு அறிந்தவர்க்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒளிரும் சொல். 1926இல் பாரிஸில் தோன்றிய விடுதலை இயக்கத்தின் பெயர் 'வட ஆப்பிரிக்க விண்மீன்' என்பதையும் சேர்த்து எண்ணினால், நான்கு இளைஞர் நாடும் அப்பெண்ணின் பெயர் ஏன் நாட்டின் பெயராகவும் ஒலிக்கிறது என்பது விளங்கும். தமிழ் முஸ்லிம்களிடையே 'நஜ்மா' பழகிய பெண்பெயர். ஆகவே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி 'நெட்ஜ்மா' என எழுதுவது இரட்டைத் தவறு: ஒலியும் கெடுகிறது, உறவும் அறுபடுகிறது. 'நஜ்மா' என்று முற்றிலும் நம் வழக்காக்கிவிடவும் எனக்கு உடன்பாடில்லை. எகரத்தோடு ஒலிப்பது வட ஆப்பிரிக்க அரபின் இயல்பு. அந்த உயிரெழுத்தில் ஊர் இருக்கிறது. 'காதெப்' என்பதற்கும் இது பொருந்தும். அச்சொல்லுக்கு எழுதுபவர் என்று பொருள். குடும்பப் பெயரை முன்வைக்கும் பள்ளிப் பதிவேட்டு முறையையே தம் புனைபெயர் போல் நிலைநிறுத்திக்கொண்டார் அவர். 'யாசின் காதெப்' என்று முறைப்படுத்தும் பட்டியலாளர்கள் அந்த எள்ளலைத் திருத்திவிடுகின்றனர்.

இந்நாவல்களில் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும் அரபுச் சொற்களுள் 'ரூமி' ஒன்று. ரோமானியர் என்பதிலிருந்து வந்து, ஐரோப்பியரை, குறிப்பாகக் கிறித்தவரை, இளக்காரத்தோடு குறிப்பது. அப்படியே தமிழில் எழுதினால் பாரசீகக் கவிஞரின் நினைவே வரும். 'வெள்ளைக்காரன்' என்றால் வரலாற்றுச் சாயல் போய்விடும். இதற்கு 'பறங்கி' மிகப் பொருத்தமானது. பிராங்கியர் என்ற பழைய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து ஐரோப்பியர் அனைவரையும் ஏளனமாகச் சுட்டிய சொல் அது. இலங்கைத் தமிழில் அதற்குத் தனிப்பொருள் உண்டு என்பதால் முன்னுரையில் ஒரு குறிப்புத் தேவைப்படலாம்.

மலைமொழியும் அச்சும்

கபீலிய எழுத்தாளர்களின் நிலை வேறு. மூலூத் ஃபெரவுன் (1913–1962) தம் 'ஏழையின் மகன்' நாவலை 1950இல் வெளியிட்டார். மூலூத் மம்மெரியின் (1917–1989) 'மறக்கப்பட்ட குன்று' 1952இல் வந்தது. இவர்களுடைய பிரெஞ்சு, பள்ளி ஆசிரியர் எழுதும் தெளிந்த பிரெஞ்சு. அதன் அடியிலுள்ள பெர்பர், அரபைப் போல எழுத்துமரபின் பெருமையைச் சொல்லிக்கொள்ள இயலாத மொழி. அதனால்தான் போலும், இருவருமே நாவலோடு நில்லாமல் மொழிபெயர்ப்பாளராகவும் ஆயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாடோடிக் கவிஞர் சி மொஹாந்தின் பாடல்களை ஃபெரவுன் 1960இலும் மம்மெரி 1969இலும் பிரெஞ்சில் தந்தனர். ஒரு பாடலை இரண்டாம் முறை சொல்வதில்லை என அக்கவிஞர் நோன்பு பூண்டிருந்ததாக வழிவழிக் கதை கூறுகிறது. கேட்டவர் நெஞ்சில் தங்கியதே மூலம். மூலபாடம் என்று நாம் பாடத்திறனாய்வில் வகுத்துக்கொண்ட கருத்து இங்குச் செல்லாது. மம்மெரி பெர்பர் பாடத்தையும் உடன் அச்சிட்டார். மொழிபெயர்ப்பு நூல் ஒன்றே மூலமொழியை அச்சேற்றிய அருநிகழ்வு அது.

இப்பணி நூலகத்தோடு முடியவில்லை. பழைய கபீலியப் பாடல்கள் குறித்துத் தீஸி ஊஸூ பல்கலைக்கழகத்தில் மம்மெரி ஆற்றவிருந்த உரையை 1980 மார்ச் 10 அன்று அரசு தடைசெய்தது. அதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியே 'பெர்பர் வசந்தம்' என வழங்கப்படுவது. நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்று வேலைநிறுத்தத்திற்குக் காரணமான வேறு வரலாறு எளிதில் கிட்டாது. ஃபெரவுன் இதைக் காணவில்லை. விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், 1962 மார்ச் 15 அன்று, குடியேறிகளின் இரகசியப் படையினர் அவரையும் உடனிருந்த கல்விப்பணியாளர் ஐவரையும் சுட்டுக் கொன்றனர்.

பெண்குரலின் பிரெஞ்சு

மறைமூலத்தைத் தன்னறிவோடு கலையாக்கியவர் அசியா ஜெபார் (1936–2015). 1957 முதல் நான்கு நாவல்களை எழுதிய அவர் 1967க்குப் பின் பத்தாண்டுக்கு மேல் புனைகதை நூல் எதையும் வெளியிடவில்லை. அந்த இடைவெளியில் தம் தாய்வழி ஊராரான ஷெனூவா மலைப்பெண்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதனடிப்படையில் திரைப்படம் எடுத்தார். அப்படத்தின் பெயரிலுள்ள 'நூபா' அந்தலூசிய இசைவடிவம். முறை வைத்துப் பேசுவதையும் குறிக்கும். 1985இல் வந்த 'காதலும் குதிரையாட்டமும்' எனப் பெயர்க்கத்தக்க அவருடைய நாவலில் இவ்வனுபவம் முழுமை பெற்றது.

அந்நூலில் இருவகைப் பிரெஞ்சு உண்டு. 1830ஆம் ஆண்டுப் படையெடுப்பையும், 1845இல் தஹ்ரா குகைகளில் தஞ்சம் புகுந்த குடிகளைப் படைத்தலைவர் பெலிசியே புகைமூட்டிக் கொன்றதையும் கூறும் பகுதிகள் நீண்ட, அணிசெறிந்த வாக்கியங்களால் ஆனவை. படையினரின் கடிதங்களையும் அறிக்கைகளையும் அவர்களினும் சிறந்த பிரெஞ்சில் ஜெபார் மறுவாசிப்புச் செய்கிறார். விடுதலைப் போரில் பங்கேற்ற நாட்டுப்புறப் பெண்கள் தம் கதை கூறும் பகுதிகளிலோ வாக்கியங்கள் குறுகிவிடுகின்றன. இணைப்புச் சொற்கள் உதிர்கின்றன. வினைமேல் வினை அடுக்கப்படுகிறது. அது எளிமையான பிரெஞ்சன்று. பேச்சரபின் தொடரமைப்பைத் தாங்கும் பிரெஞ்சு. தமிழின் வினையெச்ச அடுக்கு இங்கு ஒரு கண்ணி. 'போய், எடுத்து, வந்து, கொடுத்து' என ஒரே முற்றில் முடித்தல் நமக்கு இயல்பு. ஆனால் அது செயல்களை ஒரே ஓட்டமாக இணைத்துவிடும். ஜெபாரின் பெண்கள் ஒவ்வொரு செயலுக்கும் நின்று மூச்சு வாங்குகின்றனர். வீடு எரிந்தது ஒரு வாக்கியம். மகன் போனது மற்றொரு வாக்கியம். நடை கருதி இவற்றைச் சேர்க்கும் மொழிபெயர்ப்பாளர் நூலின் உயிர்ப்பகுதியைச் சிதைப்பவராவார்.

2005இல் ஜெபார் பிரெஞ்சுக் கல்விக்கழகத்திற்குத் தேர்வானார். பிரெஞ்சு மொழியின் வெற்றியாக அதனைக் கொண்டாடியோர் அவர் நூல்களை எவ்வளவு கவனமாக வாசித்தனர் என்று ஐயுற இடமுண்டு.

அரபுக்குத் திரும்புதல் என்னும் கருத்து

அரபில் எழுதியோரைக் குறித்து ஒரு பொதுக்கருத்து நிலவுகிறது: பிரெஞ்சை விட்டு அரபில் எழுதுவது தாய்மொழிக்குத் திரும்புதல் என்பது அது. இதனை அப்படியே ஏற்க இயலாது. அப்துல் ஹமீத் பின் ஹதூகாவின் 'தென்றிசைக் காற்று' 1970களின் தொடக்கத்தில் அல்ஜீரிய அரபு நாவலுக்கு அடித்தளமிட்டது. தாஹிர் வத்தாரின் 'நிலநடுக்கம்' 1974இல் வந்தது. நிலச்சீர்திருத்தத்திலிருந்து தப்ப உறவினரைத் தேடிக் கான்ஸ்டன்டைன் நகரின் பாலங்களில் அலையும் நிலக்கிழாரின் கதை அது. மதமொழியும் மனப்பிறழ்வும் ஒரே நாவில் கலந்து ஒலிக்கும் வலிய படைப்பு. ஆனால் இந்நாவல்களின் அரபு எழுத்தரபு. எவருடைய வீட்டிலும் பேசப்படாதது. வத்தாரே பெர்பர் குடும்பத்தில் பிறந்தவர். அதனால் பிரெஞ்சு நாவலில் உள்ள இடைவெளி அரபு நாவலிலும் வேறுருவில் உண்டு.

ரஷீத் பூஜெத்ராவின் நிலை இன்னும் சிக்கலானது. 1969இல் 'விவாகவிலக்கு' என்னும் பிரெஞ்சு நாவலால் புகழ்பெற்ற அவர் 1980களின் தொடக்கத்தில் அரபில் எழுதலானார். உடனுக்குடன் அந்நூல்கள் பிரெஞ்சிலும் வந்தன. மொழிபெயர்ப்பில் அவரும் பங்கேற்றார். 1990களில் மீண்டும் பிரெஞ்சுக்கு வந்தார். இவற்றுள் எது மூலம் என்ற வினாவைவிட, இரு பாடங்களையும் ஒப்பிட்டு எவ்விடத்தில் எது மற்றதைத் திருத்துகிறது என ஆராய்வதே பயன்தரும். கான்ஸ்டன்டைன் நகரத்தவரான மாலிக் ஹத்தாத் விடுதலைக்குப் பின் பிரெஞ்சில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். அரபில் எழுதவும் அவரால் இயலவில்லை. அஹ்லாம் முஸ்தகானிமி தம் 'உடலின் நினைவு' என்னும் அரபு நாவலை (1993) அவருக்குக் காணிக்கையாக்கினார். அரபுலகெங்கும் பெருந்தொகையான வாசகரைப் பெற்ற அந்நூலின் மிகையுணர்ச்சி எனக்கு உவப்பானதன்று. ஆயினும் வாய்மூடிப்போன ஒருவரின் பெயரைத் தாங்கி அது தொடங்குவதை மறக்க முடியவில்லை.

பேச்சுமொழியைத் தேர்ந்தோர் நாடகத்தாரே. காதெப் யாசின் 1971 முதல் பிரெஞ்சில் எழுதுவதை ஏறத்தாழக் கைவிட்டு, பேச்சரபில் நாடகம் நடத்தினார். தொழிலாளர், உழவர் முன்னிலையில் அவை நடிக்கப்பட்டன. அப்துல் காதர் அல்லூலா, சந்தைக் கதைசொல்லியின் வட்டத்தை மேடையாக்கி அவ்வழியைச் செழுமைப்படுத்தினார். 1994இல் ஓரான் நகரில் அவரும் கொலையுண்டார். முதன்முதலாகத் தாமும் பார்வையாளரும் ஒரே மொழியில் நின்ற எழுத்தாளர்கள் இவர்கள். ஆயினும் உலக இலக்கியத் தொகுப்புகளில் காதெப் இன்றும் 'நெஜ்மா'வின் ஆசிரியர் மட்டுமே. அச்சில் நிலைபெறாத மேடைமொழியைப் பட்டியல்கள் கணக்கில் கொள்வதில்லை. அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1999இல், அந்நாடகங்கள் சில தொகுத்து வெளியிடப்பட்டன. வெளியிட்டது பாரிஸ் பதிப்பகம்; நூல் பேச்சரபிலிருந்து பெயர்க்கப்பட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு.

ஆகவே அவற்றைத் தமிழாக்க முனைபவர் கையில் இருப்பது பிரெஞ்சு. அவர் செவியில் இருக்கவேண்டியது அரபு. புலம்பெயர் தொழிலாளரைப் பற்றிய 1971ஆம் ஆண்டு நாடகத்தின் தலைப்பையே சான்றாகக் கொள்ளலாம். 'முகம்மதே, உன் பெட்டியை எடுத்துக்கொள்' என்பது பிழையற்ற தமிழ். பிரெஞ்சு முதலாளி தன்னிடம் வேலை செய்யும் அரபியர் எவரையும் அழைக்கும் பொதுப்பெயராக அப்பெயர் ஆகிவிட்ட சூழலில், மேடையிலிருந்து கூவப்படும் கட்டளை அது. 'முகமது, பெட்டியத் தூக்கு' என்றே அதனை எழுதவேண்டும்.